மலைநாட்டின் எழிலும் அதனைச் சமைத்த கைகளும்



விடுமுறைக் காலம் நெருங்கியதும், எங்கே போய் வரலாம் என்னும் கேள்வி நம் இல்லங்களில் எழுவது வழக்கம். நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்தத் தீவிலே அக்கேள்விக்கு விடைகள் பலவுண்டு. நிலாவெளியின் வெண்மணற் பரப்பை நாடுவோர் உளர். காலியின் பழங்கோட்டை மதிலில் நின்று ஞாயிறு கடலில் மறைவதைக் காண விழைவோர் உளர். சிகிரியாக் குன்றின் ஓவியங்களையும் பொலநறுவையின் கற்சிலைகளையும் தேடிச் செல்வோரும் உளர். எனினும், உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் ஒருங்கே விரும்பும் பயணம் எதுவென்று கேட்டால், கொழும்பு கோட்டையில் தொடங்கி மலைகளை ஊடறுத்துப் பதுளை வரை செல்லும் புகையிரதப் பயணத்தையே பலரும் குறிப்பிடுவர்.

ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமுள்ள பாதை அது. தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும் நிறைந்த தாழ்நிலத்தை விட்டு, படிப்படியாக உயர்ந்து, கடல் மட்டத்திலிருந்து 1,898 மீற்றர் உயரத்தை எட்டிய பின்னர், மறுபுறம் ஊவாவின் மலைகளிலே இறங்குகின்றது. நாற்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்களை அது கடக்கின்றது. ஒரு சுரங்கத்தின் இருளிலிருந்து வெளிப்படும்போது ஒரு பள்ளத்தாக்கு. மறு சுரங்கத்தைத் தாண்டியதும் ஓர் அருவி. யன்னலோரத்தில் இருப்பவர்கள் அக்காட்சியைக் கண்டு, "என்னே இயற்கையின் எழில்!" என்று வியந்து நிற்பர்.

அவ்வியப்பிலே உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மை இல்லை. மலையும் மேகமும் அருவியும் இயற்கையின் கொடைகள்தாம். ஆனால், மலைச்சரிவெங்கும் பட்டு விரித்தாற்போலப் பரந்து கிடக்கும் அந்தப் பசுமை இயற்கை தந்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அந்தச் சரிவுகளில் ஒரு தேயிலைத் தோட்டமேனும் இருந்ததில்லை. அதனை மனிதர் செய்தனர். அம்மனிதர் யாவர், எவ்வாறு செய்தனர் என்பதை அறியாமல் அவ்வழகைக் கண்டு திரும்புவது, ஒரு நூலின் அட்டையைப் பார்த்துவிட்டு மூடி வைப்பதை ஒக்கும். ஆகவே இன்றைய பேச்சிலே, இப்பாதையின் நிலையங்கள் சிலவற்றில் நாமும் இறங்கி, அங்கே காணும் எழில் எப்படி உண்டாயிற்று என்று நோக்குவோமாக.

பயணத்தின் முதல் ஏற்றம் றம்புக்கணையைத் தாண்டியதும் தொடங்குகின்றது. அங்கிருந்து கடுகண்ணாவை வரை, நாற்பத்தைந்து அடிக்கு ஓர் அடி என்ற விகிதத்திலே பாதை மேலேறுகின்றது. ஒரு புறம் அலகல்லை மலையின் செங்குத்துப் பாறை. மறுபுறம் ஆழத்திலே வயல்களும் குடிசைகளும். கண்டி இராச்சியம் 1815 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாகும் வரை, இந்தக் காட்டு மலைகளே அதற்கு அரணாக நின்றன. நாட்டைக் கைப்பற்றியவர்கள் முதலிற் செய்த வேலை அவ்வரணைப் பிளந்து வீதி அமைத்ததாகும். 1820களிலே, எட்வேட் பார்ன்ஸ் தேசாதிபதியாக இருந்த காலத்தில், கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி வெட்டப்பட்டது. அவ்வேலையை நடத்திய பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 இல் இறந்தார். அவருடைய நினைவாக எழுப்பிய உயர்ந்த கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் வீதியோரத்தில் நிற்கின்றது.

ஆனால் அவ்வீதிக்கு மண் சுமந்தவர்கள், பாறை உடைத்தவர்கள் பெரும்பாலும் கண்டி நாட்டுச் சிங்களக் குடியானவர்கள். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையின்படி அவர்கள் அங்கே அழைத்து வரப்பட்டனர். அந்த ஊழிய முறை 1832 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. டோசனின் கோபுரம் எழுந்ததும் அதே ஆண்டிலேதான். கோபுரத்திலே ஒருவருடைய பெயர் உண்டு. வீதியைச் சமைத்த ஆயிரக்கணக்கானோரின் பெயர் எங்கும் இல்லை. மலைநாட்டு வரலாறு முழுவதிலும் இந்த நிலையை நாம் மீண்டும் மீண்டும் சந்திக்கப் போகின்றோம்.

புகையிரதப் பாதையின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1858 இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கி வைத்த அவ்வேலை, 1865 இல் அம்பேபுசை வரையிலும், 1867 இல் கண்டி வரையிலும் மக்களின் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. கடுகண்ணாவை ஏற்றத்தின் அடிவாரக் காடுகளிலே காய்ச்சலாலும் பேதியாலும் இறந்த கூலியாட்கள் பலர். சுற்றுலாப் பயணிகளை எண்ணி எவரும் அப்பாதையை அமைக்கவில்லை. மலையில் விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்திற்கு விரைவாகக் கொண்டு வரவேண்டுமென்பதே நோக்கம். மாட்டுவண்டிகள் வாரக்கணக்காக இழுத்து வந்த சுமையைப் புகையிரதம் ஒரு பகலில் இறக்கியது.

கடுகண்ணாவையைத் தாண்டினால் பேராதனை. மகாவலி கங்கை வளைந்து ஓடும் கரையிலே அமைந்த பூந்தோட்டத்தைக் காணாமல் யாரும் மேலே செல்வதில்லை. 1821 ஆம் ஆண்டில், அலெக்சாண்டர் மூன் என்னும் தாவரவியலாளரின் பொறுப்பில் இத்தோட்டம் தொடக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் பிரபு இங்கேதான் அமைத்திருந்தார். இங்குள்ள பேரரும்பு மூங்கில்களையும் மரவீதிகளையும் மாணவர்கள் கண்டு களிக்கின்றனர். ஆனால் இத்தோட்டம் வெறும் உலாவிடமாக எழுந்ததன்று. எந்தப் பயிர் இந்த மண்ணில் இலாபம் தரும் என்று சோதித்துப் பார்க்கும் களமாகவே அது இருந்தது. சீனத்துத் தேயிலைச் செடி 1824 இலும், அசாமியத் தேயிலை 1839 இலும் இங்கு வந்து சேர்ந்தன. அப்பொழுது யாரும் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. அது கோப்பியின் காலம்.

பேராதனையை விட்டுக் கம்பளை, நாவலப்பிட்டி என்று பாதை தெற்கே திரும்புகின்றது. கம்பளை, பதினான்காம் நூற்றாண்டிலே சிங்கள மன்னர்களின் தலைநகராக விளங்கிய ஊர். 1820களில் இவ்வூரை அடுத்த சிங்கபிட்டியில், ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். பார்ன்ஸ் தேசாதிபதியும் கன்னொறுவையில் தமக்கென ஒரு தோட்டம் வைத்திருந்தார். அவர்களைப் பின்பற்றி உத்தியோகத்தரும் படையினரும் வணிகரும் மலைக்கு விரைந்தனர். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவென்று கருத வழி செய்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் வாழ்ந்த கிராமத்தவரிடம் பத்திரம் ஏது? அந்நிலங்கள் ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் மலிவான விலைக்கும் கைமாறின. இன்று நாம் காணும் மலைகளிலே நின்ற பெருங்காடுகள் அந்த நூற்றாண்டிலேதான் வீழ்ந்தன.

நிலம் கிடைத்தது, வேலை செய்ய ஆள் வேண்டுமே! கண்டிக் கிராமத்தவர்கள் தம் வயலை விட்டுத் தோட்டக் கூலிகளாக நிரந்தரமாக வேலை செய்ய முன்வரவில்லை. ஆகவே தோட்டக்காரர்களின் கண், கடலுக்கு அப்பால் தமிழகத்தின் மீது விழுந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய பகுதிகளிலே பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் கடனாலும் நலிந்த மக்கள், "கண்டிச் சீமைக்குப் போனால் பிழைக்கலாம்" என்ற சொல்லை நம்பிப் புறப்பட்டனர். அவர்களைத் திரட்டி அழைத்து வந்தவன் கங்காணி. முன்பணம் கொடுத்தவனும் அவனே. பின்னர் கடன்கணக்கைக் கையில் வைத்திருந்தவனும் அவனே.

அவர்கள் வந்த வழி எதுவென்று எண்ணிப் பாருங்கள். அன்று தலைமன்னாருக்குப் புகையிரதம் இல்லை. தோணியிலே நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை என்று காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். நீரற்ற வெளி, காட்டு விலங்கு, அதனினும் கொடிய மலேரியாவும் பேதியும் அம்மையும். தலையிலே மூட்டை, இடுப்பிலே குழந்தை. வழியிலே விழுந்தவர்களை அவ்விடத்தே விட்டுவிட்டு மற்றவர்கள் நடக்க வேண்டியிருந்தது. பிழைத்து வந்தவர்கள் இளைப்பாறி, பல தோட்டங்களுக்கும் பிரிந்து சென்ற இடம் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோயில் எழுந்ததற்கும், மலையகத்தார் அதனைத் தம் தாய்க்கோயில்போற் போற்றுவதற்கும் இந்த நடைபயணமே காரணம் என்பர். 1914 இல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், தலைமன்னாரிலிருந்து புகையிரதமும் இணைக்கப்பட்டன.

இவ்வளவு துன்பத்தோடு எழுந்த கோப்பித் தோட்டங்கள் நிலைக்கவில்லை. 1869 இல் இலைகளின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் தோன்றின. அது ஒருவகைப் பூஞ்சண நோய். 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேலாகப் பரந்திருந்த கோப்பி, சில ஆண்டுகளுக்குள் பட்டழிந்தது. தோட்டங்கள் ஏலத்தில் விழுந்தன. கொய்னா மருந்துக்கான சிங்கோனாவை நட்டுப் பார்த்தனர். அதன் விலையும் விரைவில் வீழ்ந்தது. அப்போதுதான், கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர் செய்து வந்த முயற்சி எல்லார் கண்ணிலும் பட்டது. 1867 இலே 19 ஏக்கர் நிலத்தில் அவர் தேயிலை பயிரிட்டிருந்தார். 1875 இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராக இருந்த இலங்கையின் தேயிலை நிலம், அந்த நூற்றாண்டு முடியுமுன் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

இந்த மாற்றம் நிலத்தை மட்டும் மாற்றவில்லை. மக்களின் வாழ்வையும் மாற்றியது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் மிகுதியான ஆள் தேவை. பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கை கேட்கும் பயிர். எனவே, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கின. அவர்களுக்காக எழுந்த நீண்ட வரிசைக் கட்டடங்களே லயங்கள். ஒரு குடும்பத்திற்கு ஒரு சிற்றறை. அதன் முன்னே ஒரு தாழ்வாரம். நாவலப்பிட்டியிலிருந்து 1885 இல் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதை, கோப்பிக்காகத் திட்டமிடப்பட்டுத் தேயிலையைச் சுமந்து மலையிறங்கியது.

இனி நம் பயணம் அட்டனை அடைகின்றது. நாற்சமயத்தாரும் போற்றும் சிவனொளிபாத மலைக்குச் செல்வோர் பலர் இறங்கும் நிலையம் இது. 2,243 மீற்றர் உயரமான அம்மலைச் சிகரத்தை 1344 இல் இபின் பதூதா என்னும் அரபு யாத்திரிகர் ஏறிக் கண்டார். அட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம்; அதற்கப்பால் கொட்டகலை, தலவாக்கலை. டெவன் நீர்வீழ்ச்சியும் சென் கிளயர் நீர்வீழ்ச்சியும் இப்பகுதியின் பேரழகுகள். சென் கிளயரின் நீர் 2012 இல் தொடங்கப்பட்ட மேல் கொத்மலை நீர்மின் திட்டத்திற்காகத் திருப்பப்பட்டதால், அதன் பழைய பெருக்கு குறைந்துவிட்டது. அருவியும் மனிதனின் தேவைக்கு உட்பட்டதாயிற்று என்பதற்கு இது சான்று.

இந்த இடத்தில் யன்னலுக்கு வெளியே சற்று ஊன்றிப் பாருங்கள். பச்சைக் கம்பளம் என்று நாம் சொல்லும் தேயிலைப் பரப்பு எவ்வளவு மட்டமாக இருக்கின்றது! தேயிலை இயல்பிலே மரமாகும் தாவரம். வெட்டாமல் விட்டால் முப்பதடிக்கு மேலும் வளரும். மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை ஆண்கள் கத்தி கொண்டு கவ்வாத்து வெட்டுகின்றனர். ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை பெண்கள் இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கொழுந்து கிள்ளுகின்றனர். மட்டக்கம்பு என்னும் கோலைச் செடிகளின் மேல் வைத்து, அதன் மட்டத்திற்கு மேலெழுந்தவற்றையே பறிக்கின்றனர். மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி மலையைச் சுற்றிக் கான்கள் வெட்டப்பட்டுள்ளன. சரிவுகளிலே கற்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஆகவே அந்தக் கம்பளம் ஒருமுறை விரிக்கப்பட்டு அப்படியே கிடப்பதன்று. ஒவ்வொரு வாரமும் அதனை நெய்துகொண்டேயிருக்க வேண்டும். சில மாதம் கைகள் ஓய்ந்தால் அந்த மட்டம் குலையும்; சில ஆண்டுகள் ஓய்ந்தால் மலை மீண்டும் காடாகும்.

அதிகாலையிலே பிரட்டுக்களத்தில் நின்று, பெயர் கூப்பிட்ட பின் மலையேறி, பனியிலும் அட்டைக்கடியிலும் கூடை சுமந்து நிற்கும் பெண்களின் உழைப்பு அது. அவர்கள் பாடிய பாடல்களைத் தொகுத்து வைத்தவர், தலவாக்கலைப் பகுதியின் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்திற்குத் தெரிவு செய்யப்பட்டார். அவருக்கு முன்பே, அட்டனை நிலைக்களமாகக் கொண்டு 1931 இல் தொழிற்சங்கம் அமைத்துத் தோட்ட மக்களின் குரலை எழுப்பியவர் கோ. நடேசையர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடிப் பேசி மக்களைத் திரட்டினார். கங்காணியின் கடனைக் காகிதத்தில் எழுதித் தொழிலாளியைக் கட்டிவைத்த துண்டு முறை, 1921 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிந்திருந்தது. ஆனாலும் மற்றக் கட்டுகள் அவ்வளவு எளிதில் அவிழவில்லை.

நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா அணித்தே உள்ளது. சுமார் 1,870 மீற்றர் உயரத்திலே அமைந்த இக்குளிர்நகருக்குச் சித்திரைப் புத்தாண்டு வேளையிலே மக்கள் வெள்ளம்போற் செல்வர். தீவின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலை, 2,524 மீற்றர் உயரத்துடன் நகருக்குப் பின்னே எழுந்து நிற்கின்றது. தாய்நாட்டின் குளிரை நினைந்து ஏங்கிய ஆங்கிலேயர், இந்த இடத்திலே தமக்கென ஒரு சிறு இங்கிலாந்தைக் கட்டினர். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840களின் இறுதியில் குடியேற்றவாசிகளையும் மாடுகளையும் கலப்பைகளையும் கொண்டு வந்து இங்கே பண்ணை அமைத்தார். நகரின் நடுவே உள்ள ஏரி, 1870களிலே தேசாதிபதியாக இருந்த வில்லியம் கிரகெரியின் பெயரைத் தாங்குகின்றது. 1861 இல் சிங்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கிய ஹக்கலைத் தோட்டம், இன்று ரோசாக்களுக்குப் பெயர் பெற்றுள்ளது. ஏரி வெட்டப்பட்டது, பூக்கள் பிற நாடுகளிலிருந்து வந்தன, தேயிலைக்கு நிழல் தரும் மரங்களும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தன. இங்குள்ள மரக்கறித் தோட்டங்களிலே குனிந்து வேலை செய்வோரில் பலரும் அன்று நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே.

நானுஓயாவைக் கடந்ததும் காட்சி மாறுகின்றது. தேயிலை பின்தங்க, பாசி படர்ந்த குறுமரக் காடுகள் பாதையை நெருக்குகின்றன. பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலே பாதை தன் உச்சியை அடைகின்றது. இங்கே மட்டும் காடு எஞ்சியது ஏன்? 1873 இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காமல் விடுமாறு அரசுக்கு அறிவுரை கூறினார். அதனை ஏற்று, அந்த உயரத்திற்கு மேல் காடு வெட்டுவது தடுக்கப்பட்டது. ஆகவே எஞ்சிய காடும் மனிதனின் முடிவொன்றின் பயனேயாம். இவ்விடத்திலிருந்து செல்லத்தக்கது ஹோர்ட்டன் சமவெளி. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த ஹோர்ட்டனின் பெயர் அதற்கு இடப்பட்டது. மகா எலிய என்பது சிங்கள மக்கள் வழங்கும் பெயர். அங்குள்ள உலக முடிவு என்னும் பாறை விளிம்பில் நின்றால், எண்ணூறு மீற்றருக்கும் அதிகமான ஆழத்திலே தாழ்நிலம் விரிகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இச்சமவெளி நீரூட்டுகின்றது. 1988 இல் தேசிய வனமாக்கப்பட்ட இது, 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகும்.

இனி இறக்கம். அப்புத்தளையில் மலைமுகடு குறுகி, இரு புறமும் பள்ளமாகத் தோன்றும் காட்சி மறக்கவொண்ணாதது. 1890 இல் இலங்கைக்கு வந்து இப்பகுதித் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், உலகெங்கும் தேயிலைப் பொட்டலத்தைக் கொண்டு சென்ற வணிகர். அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலையுச்சிக்குப் பயணிகள் விடியற்காலையிலே செல்கின்றனர். பாதை 1894 இல் பண்டாரவளையை எட்டியது. அதற்கப்பால் பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. இடையிலிருந்த பள்ளத்தாக்குகளே காரணம். எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலே காட்டின் நடுவே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தை இன்று அறியாதார் இலர். கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு, இரும்புச் சட்டமின்றி, 1921 இல் முடிக்கப்பட்ட பாலம் அது. நீளம் 91 மீற்றர்.

தெமோதரையில் இன்னொரு விந்தை உண்டு. பாதை மலையைச் சுற்றி வட்டமிட்டு வந்து, தான் முன்னர் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தின் வழியாக நுழைகின்றது. உயரத்தை எப்படி இறங்குவது என்று பொறியியலாளர் திகைத்திருந்த வேளையில், கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைக் கண்டு இந்த வழி அவருக்குத் தோன்றிற்று என்று ஒரு செவிவழிக் கதை வழங்குகின்றது. கதை உண்மையோ அன்றோ, மலைநாட்டார் தம் நினைவிலே அந்தப் பாதையில் ஒரு தலைப்பாகைக்கேனும் இடம் தேடிக் கொண்டனர் என்பதை அது காட்டுகின்றது.

இறுதி நிலையம் பதுளை. 1924 இல் இப்பாதை இங்கே முடிந்தது. துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியையும் முதியங்கனை விகாரையையும் காண வருவோர் இங்கு இறங்குவர். ஆனால், நேயர்களே, நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே மேடையிலே ஏறியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் தகாது.

நாடு சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1946 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 780,000 பேர். 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1947 இல் வேலுப்பிள்ளைக்கு வாக்களித்த கைகள், 1952 இல் வாக்குச் சாவடியின் வாயிலில் நின்று திரும்பின. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி, 525,000 பேர் இந்தியாவுக்கென்றும் 300,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974 இலே இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டன.

அவ்வாறு செல்ல வேண்டியவர்கள் இந்த நிலையங்களிலேதான் புகையிரதம் ஏறினர். அட்டனிலும் நானுஓயாவிலும் பதுளையிலும் ஏறி, பொல்காவலையில் வடக்கே திரும்பி, தலைமன்னாருக்குச் சென்று கப்பலேறினர். மூதாதையர் கால்நடையாக வந்த திசையை நோக்கியே இவர்கள் வண்டியிற் போயினர். மேடையிலே நின்றவரும் வண்டியில் இருந்தவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு ஓலமிட்டு அழுதமையால், மலையக மக்கள் அவ்வண்டிக்கு "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயரிட்டனர். அண்ணன் ஒரு நாட்டிற்கும் தங்கை ஒரு நாட்டிற்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. 1984 இல் கப்பல் நின்று போகும் வரை இப்பிரிவு நிகழ்ந்தது. அங்கே பிறந்த குழந்தைகளையும் சேர்த்து நான்கு இலட்சத்திற்கும் அதிகமானோர் இவ்வாறு சென்றனர். அவருட் சிலர் நீலகிரியிலே மீண்டும் தேயிலை நட்டனர். இங்கே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே முடிவு கட்டியது.

குடியுரிமை வந்தது, காணியும் வீடும் பலருக்கு இன்னும் வரவில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தைக்கு அணித்தான மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியபோது, அந்த உண்மை நாடெங்கும் தெரிந்தது. பயணிகள் வியக்கும் அதே சரிவுகளிலேதான் அம்மக்கள் மழைக்காலந்தோறும் அஞ்சி உறங்குகின்றனர். மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியை அவர்தம் பேரர்கள் மீண்டும் நடந்து பார்த்தனர்.

இவற்றையெல்லாம் கேட்ட பின், இனி மலைநாட்டுக்குப் போய் மகிழலாமா என்று நேயர் சிலர் ஐயுறலாம். தாராளமாகப் போகலாம், மகிழவும் வேண்டும். அழகைக் கண்டு மகிழ்வதிலே குற்றம் எதுவுமில்லை. உழைத்தவர்களும் தம் மலையை அழகென்றே எண்ணினர். இல்லையேல் பிரிந்து செல்லும்போது அவ்வளவு அழுதிருக்க மாட்டார்கள். ஆனால் பார்க்கும்போது சற்றுக் கூடுதலாகப் பாருங்கள். அருவியைப் பார்க்கும் கண், அதன் அருகே புகையும் லயத்தின் கூரையையும் பார்க்கட்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படம் பிடிக்குமுன், "அம்மா, சுகமா?" என்று ஒரு சொல் கேளுங்கள்.

இன்னுமொன்று. மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றிற்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும், தொழிலாளர் இட்ட தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. ஆங்கிலப் பெயர் பலகையிலே எழுதியிருக்கும். தமிழ்ப் பெயரோ பெரும்பாலும் முதியோரின் நாவிலேதான் இருக்கும். அடுத்த விடுமுறையில் அங்கே செல்லும் நீங்கள், வழியிலே காணும் ஒரு முதியவரிடம், "ஐயா, இந்தத் தோட்டத்துக்கு நம்மாட்கள் வைத்த பெயர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு வந்து, உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.